அந்தக் கப்பலைக் கவிழ்த்தது புயல் அல்ல

மூன்று நாளாக எல்லாரும் ஒரு காணொளியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். நீராவி எஞ்சின் இருக்கும்போது பாய்மரத்தையும் நட்டுவைத்த பிரிட்டிஷ் முட்டாள்தனம், அதனால் புயலில் மூழ்கிய 'கேப்டன்' போர்க்கப்பல் என்று அதில் சொல்கிறார்கள். கவிழ்த்தது புயல் அல்ல என்று கீழே இரண்டு வரியில் திருத்தம் போட்டேன். "கணக்கு வாத்தியார் வந்துட்டார்" என்று ஒருவர் பதில் எழுத, அதற்கு நானூறு விருப்பக்குறி. சரி, கணக்கையே எழுதுகிறேன். அந்தக் கப்பலில் செத்தவர்கள் 470 பேருக்கு மேல். அவர்களைக் கொன்றதே யாரும் காத்திருந்து பார்க்காத ஒரு கணக்குதான்.

1870 செப்டம்பர் 7, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள். ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்கு அப்பால் 11 பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சேர்ந்து போய்க்கொண்டிருந்தன. அவற்றில் 'மொனார்க்' என்றொரு கப்பல் இருந்தது. அதற்கும் முழுப் பாய்மரங்கள், நீராவி எஞ்சின், இரண்டு சுழலும் பீரங்கிக் கோபுரங்கள், கோபுரத்துக்கு இரண்டாக 12 அங்குலப் பீரங்கிகள். 'கேப்டனுக்கும்' அதேதான். கடலும் காற்றும் இருவருக்கும் ஒன்று. காலையில் மொனார்க் இருந்தது, கேப்டன் இல்லை. புயல்தான் காரணம் என்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

முக்கிய வித்தியாசம் ஒன்று, ஃப்ரீபோர்டு. நீர்மட்டத்திலிருந்து மேல்தளத்தின் விளிம்பு வரை உள்ள உயரம் அது. மொனார்க்குக்கு 14 அடி. கேப்டனுக்கு வரைபடத்தில் 8 அடிதான் இருந்தது. கட்டும்போது எடையைக் கட்டுக்குள் வைக்காததால் கப்பல் 700 டன்னுக்கு மேல் கனத்துப்போய், கடைசியில் நின்றது ஏறக்குறைய ஆறரை அடி.

இந்த உயரம் ஏன் உயிர் காக்கிறது? கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து உடம்பு கூடுதலாகத் தண்ணீருக்குள் போகிறது. போன அளவுக்குத் தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் கப்பலை நிமிர்த்துகிறது. ஆனால் மேல்தளத்தின் விளிம்பு முழுகிவிட்டால் அதற்கு மேல் உள்ளே போக உடம்பு இல்லை. நிமிர்த்தும் விசை அதற்குப் பிறகு அதிகம் வளராது, சீக்கிரமே குறையத் தொடங்கும். கேப்டனின் விளிம்பு சுமார் 14 டிகிரி சாய்விலேயே முழுகியது, மொனார்க்கின் விளிம்பு அதைப்போல இரண்டு மடங்கு சாய்வில். கேப்டனின் நிமிர்த்தும் விசை உச்சத்தைத் தொட்டது 21 டிகிரியில், முழுவதும் தீர்ந்தது 54 டிகிரி சொச்சத்தில். மொனார்க்குக்கு உச்சமே 40 டிகிரியில்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், சிறிய சாய்வுகளில் கேப்டன் நல்ல கப்பல். கொஞ்சம் சாய்ந்தால் மொனார்க்கைப் போலவே உறுதியாக நிமிரும். மேலே நிற்பவனுக்கு ஆபத்தின் வாடையே வராது. "அதே ஆண்டு மே மாதம் பிஸ்கே வளைகுடாக் காற்றில் நன்றாகத்தானே ஓடியது" என்று காணொளிக்காரர் கேட்கிறார். ஓடியது, தளபதிகள் பாராட்டினார்கள், உண்மை. 21 டிகிரியைத் தாண்டாதவரை எந்தக் கடலும் அந்தக் கப்பலின் குறையைக் காட்டிக்கொடுக்காது. காட்டக்கூடியது கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்குக்கு ஒரு சோதனை உண்டு. அமைதியான துறைமுகத்தில் கப்பலை நிறுத்தி, எடை தெரிந்த பாரங்களைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்த வேண்டும். தொங்கவிட்ட குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளந்தால் கப்பலின் ஈர்ப்பு மையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கிடைக்கும். பிறகு உடம்பின் வடிவத்தை வைத்து, ஒவ்வொரு சாய்வுக்கும் நிமிர்த்தும் விசை எவ்வளவு என்று போட வேண்டும். கையால் போடுகிற காலம், நாள்கணக்கில் ஆகும். இந்தச் சோதனையை 1870 ஜூலை இறுதியில் போர்ட்ஸ்மவுத்தில் செய்தார்கள். கணக்கு முடிவதற்குள் கப்பலை அனுப்பிவிட்டார்கள். எழுதும்போதே நெஞ்சு பதறுகிறது. சில வாரம் பொறுத்திருந்தால் போதும்.

"பாய் இல்லாவிட்டால் கவிழ்ந்திருக்காதே?" இதையும் கேட்டார்கள். நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைய எஞ்சின் நிலக்கரியைத் தின்று தீர்க்கும். உலகம் முழுக்கக் காவல் போகிற கடற்படை, கரி ஏற்றும் துறைமுகம் இல்லாத இடங்களிலும் நாள்கணக்கில் நிற்க வேண்டும். அதற்குப் பாய் வேண்டும். அதை முட்டாள்தனம் என்பவர் அந்த எஞ்சின் அறையில் ஒருநாள் கரி அள்ளிப் பார்க்க வேண்டும். தாழ்ந்த விளிம்பும் தனியாகக் குற்றவாளி அல்ல. கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் வரைந்து 1871இல் நீரில் இறங்கிய 'டெவஸ்டேஷன்' கப்பலின் பக்கவாட்டு விளிம்பு கேப்டனைவிடத் தாழ்வு. ஆனால் அதில் பாயே இல்லை, சாய்க்கும் காற்றுக்குப் பிடி இல்லை. உயரமான பாய்மரமும் தாழ்ந்த விளிம்பும் ஒரே கப்பலில் சேர்ந்ததுதான் குற்றம். மறுபடி சொல்கிறேன், புயல் அல்ல, பாய் மட்டும் அல்ல, அந்தச் சேர்க்கை.

சேர்த்தவர் கூப்பர் கோல்ஸ். கிரிமியப் போரில் தெப்பத்தின் மேல் பீரங்கி ஏற்றிப் பெயர் வாங்கியவர், சுழல் கோபுரத்துக்குக் காப்புரிமை பெற்றவர். திறமைசாலி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாய்மரங்களைத் தாங்கும் கயிறுகள் பீரங்கியின் பார்வையை மறைக்கின்றன என்று ஒவ்வொரு மரத்தையும் மூன்று கால் இரும்பு மரமாக நிறுத்தினார். கோபுரங்களுக்கு மேலே ஒரு நடைத்தளம் போட்டு, பாய்வேலை எல்லாம் அங்கிருந்து நடக்கட்டும் என்றார். ஒவ்வொன்றும் தனித்தனியே அழகான யோசனை. ஆனால் ரீட், இவ்வளவு தாழ்ந்த விளிம்போடு இவ்வளவு பாய் கூடாது என்று எழுத்தில் சொன்னார். கோல்ஸ் பத்திரிகையிலும் நாடாளுமன்றத்திலும் ஆதரவு திரட்டினார். பழமைவாதிகள் புதுமையைத் தடுக்கிறார்கள் என்று ஊரே ரீட்டைத் திட்டியது. அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். வரைபடத்துக்கு ஒப்புதல் தரவில்லை, 'ஆட்சேபம் இல்லை' என்றார்கள். பொறுப்பு கோல்ஸுக்கும் கட்டிய லேர்ட் நிறுவனத்துக்கும் என்றார்கள்.

மாலுமிகள் பாயைக் குறைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காற்று ஏற ஏறப் பாயைக் குறைத்துக்கொண்டேதான் வந்தார்கள். கப்பல் 18 டிகிரி சாய்ந்தபோது, மிஞ்சியிருந்த மேற்பாய்களின் கயிற்றை அவிழ்க்கக் கப்பலின் தலைவர் பர்கோய்ன் ஆணையிட்டார். 18 டிகிரி மொனார்க்குக்கு ஒன்றுமே இல்லை. கேப்டனின் நிமிர்த்தும் விசை உச்சத்தைத் தொட இன்னும் மூன்றே டிகிரி மிச்சம். கயிறு அவிழும் முன்பே கவிழ்ந்துவிட்டது. பீரங்கிகளைப் பார்க்கக் கோபுரத்துக்குள் போயிருந்த பீரங்கிப் பொறுப்பாளர் ஜேம்ஸ் மே, கோபுர உச்சியில் இருந்த ஓட்டை வழியாக வெளியே வந்து நீந்தி, கவிழ்ந்து மிதந்த ஒரு படகைப் பிடித்தார். பர்கோய்னும் அதில்தான் இருந்தார். இன்னொரு படகு அருகே வந்தபோது மே தாவினார். பர்கோய்ன் வந்து சேரவில்லை. பிழைத்தவர்கள் 18 பேர். கோல்ஸும் அந்தக் கப்பலோடே மூழ்கிப்போனார். கடற்படை அமைச்சர் சில்டர்ஸின் மகனும் போனான். இவர்களைப் பார்த்தா "பாயைக் குறைக்கத் தெரியாதவர்கள்" என்பது?

விசாரணை மன்றம் பிழைத்தவர்கள் மேல் குற்றம் இல்லை என்றது. கடற்படைக் கட்டுமானத் துறையின் கருத்துக்கு எதிராக, நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்த பொதுக்கருத்துக்கு இணங்கிக் கட்டிய கப்பல் என்று பதிவு செய்தது. அதற்குப் பிறகும், ரீட்டோடு சேர்ந்து எச்சரித்த, அந்தக் கட்டுமானத் துறையின் தலைவர் ஸ்பென்சர் ராபின்சன் மேலேயே பழியைத் திருப்ப சில்டர்ஸ் முயன்றார். ராபின்சனின் பதவி போனது. ரீட் விபத்துக்கு முன்பே ஜூலையில் விலகியிருந்தார். சரியாகச் சொன்னவன் மேல் அன்றும் எரிச்சல்தான். "ஓவரா கணக்குப் பேசாதீங்க" என்று எனக்கு வந்த செய்தியைப் படித்தபோது வலித்தது எனக்காக அல்ல, ரீட்டுக்காக.

அந்தக் காணொளியை எடுத்தவருக்கு ஒரு வேண்டுகோள். நீக்க வேண்டாம், தலைப்பில் 'புயல்' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் மொனார்க்கின் படத்தை வையுங்கள். அந்தக் கப்பல் 1882இல் அலெக்சாண்டிரியாவில் குண்டு வீசியது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் அதை உடைக்க விற்றார்கள்.