கடவுளுக்குச் சான்றிதழ் எதற்கு?

'இந்த அற்புதத்தைப் பார்த்து விஞ்ஞானிகளே வியந்துபோனார்கள்' என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி வந்து விழுகிறது. எந்த மதமானாலும் சரி, அனுப்புகிறவர்கள் நல்ல பக்தர்கள். நானும் சாமி கும்பிடுகிறவன்தான். ஆனாலும் எரிச்சல்தான் வருகிறது. நம்புகிறவனுக்கு ஆய்வுக்கூடத்தின் முத்திரை எதற்கு?

இத்தாலியின் டூரின் நகரத்துப் பேராலயத்தில் ஒரு லினன் துணி இருக்கிறது. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் உடலைச் சுற்றிய துணி என்பது பலருடைய நம்பிக்கை. 1898இல் செகோந்தோ பியா என்ற வழக்கறிஞர் அதைப் படம் எடுத்தார். துணியில் மங்கிய பழுப்புக் கறையாக இருந்த உருவம், இருட்டறையில் கழுவிய, வெளிச்சமும் நிழலும் தலைகீழாகத் தெரியும் கண்ணாடி நெகட்டிவில் மூக்கும் தாடியுமாக, தெளிவான முகமாகத் தெரிந்தது. அதுவரை கும்பிட்டு வந்த துணி, அன்று முதல் 'ஆதாரம்' ஆயிற்று. வினை அங்கேதான் தொடங்கியது.

ஆதாரம் என்றால் சோதனைக்குக் கொடுக்கத்தானே வேண்டும்? கொடுத்தார்கள், அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். 1988இல் ஒரு மூலையில் சிறு துண்டு வெட்டி ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அரிசோனா ஆய்வகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். துணியில் மிஞ்சியிருக்கும் கார்பனை அளந்து வயதைச் சொல்லும் கார்பன் கணிப்பின் முடிவு: 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலத்துத் துணி. (1389லேயே பிரான்சில் ஓர் ஆயர், இது ஓவியனின் கைவேலை என்று போப்புக்கு எழுதியிருந்தார்!) உடனே மறுப்புகள் கிளம்பின. வெட்டிய இடம் பிற்காலத்து ஒட்டு, 1532இல் தீயில் சிக்கியதால் கணக்குத் தவறிவிட்டது என்று இன்றுவரை ஓயவில்லை. அறிவியலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர்களே, பிடிக்காததைச் சொன்னதும் அதைப் பிறழ்சாட்சி ஆக்கிவிட்டார்கள்.

சரி, முதல் நூற்றாண்டுத் துணி என்றே முடிவு வந்திருந்தால்? துணியின் வயது தெரிந்திருக்கும், அவ்வளவுதான். அதில் கிடத்தப்பட்டவர் யார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தாரா என்பதையெல்லாம் கார்பனா சொல்லும்? 1998இல் டூரினுக்கு வந்த போப் இரண்டாம் ஜான் பால், இது விசுவாசம் சார்ந்த விஷயம் அல்ல, ஆராய்வது விஞ்ஞானிகளின் வேலை என்று சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்த பதில் அது.

நம் பக்கமும் இதே கதைதான். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தார் என்று நாடே கரண்டியோடு வரிசையில் நின்றது. விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து, அது சிலைமேல் வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். அதனால் பிள்ளையாருக்கு என்ன குறைந்துவிட்டது? அருகம்புல் சாத்துகிறவர்கள் சாத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஐயத்துக்கே இடமில்லாத சான்று ஒருநாள் கிடைத்தால், கும்பிட மறுக்க ஒருவனாலும் முடியாது. வேறு வழியில்லாமல் போடும் கும்பிட்டில் பக்தி எங்கே இருக்கிறது? ஆகவே என் தேர்வு நம்பிக்கைதான். அதற்கும் ஒரு விலை உண்டு. நாத்திக நண்பரிடம் 'ஆதாரம் இருக்கிறது' என்று வாதாடும் உரிமை எனக்கு இல்லை. அவர் கேட்கும்போதெல்லாம் "நிரூபிக்க முடியாது, ஆனால் நம்புகிறேன்" என்றுதான் சொல்கிறேன். அவருக்கு அது போதவில்லை. போதாதுதான்.