சுரங்கத்துக்கு மேலே ஒரு அருங்காட்சியகம்

ஹொங்கொங்கின் மேற்கு கவுலூன் கலை வளாகம் பற்றி நான் படித்த தொடர் கட்டுரை ஒன்று, அதைக் கட்டுவதில் வந்த செலவையும் தாமதத்தையும் நிறையப் பேசுகிறது. சரி, ஆனால் நிலத்துக்குக் கீழே நடந்ததுதான் பெரிய விஷயம். கடலை நிரப்பி எடுத்த நிலம் அது. 2021 நவம்பரில் அங்கே திறந்த எம் பிளஸ் அருங்காட்சியகத்துக்கு அடியால் விமான நிலைய ரயில் சுரங்கம் போகிறது. கட்டடத்தின் பாரம் சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்பதால் 5 பிரமாண்டமான இரும்புச் சட்டங்களை அதன் மேலால் பாலம் போலப் போட்டுப் பாரத்தை இரண்டு பக்கமும் இறக்கினார்கள். அப்புறம், சுரங்கத்தைச் சுற்றித் தோண்டிக் கிடைத்த இடத்தையே காட்சிக்கூடமாக்கினார்கள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

அவுஸ்திரேலியாவின் சிட்னி ஒபரா ஹவுஸ் கலையரங்கில் நடந்தது நேர்மாறு. கூரையின் வடிவம் முடிவாகும் முன்பே 1959இல் வேலையைத் தொடங்கியதால், அடித்தளத் தூண்கள் கூரையைத் தாங்காது என்று பிறகு உடைத்துக் கட்ட வேண்டி வந்தது.

நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். அப்பா கம்பி கட்டும் வேலை செய்தவர். அவர் வேலை செய்த கடற்கரை மண்டபம் ஒன்றில் கம்பிக்கு மேலே கொங்கிறீட் போதிய தடிப்பில்லை. உப்பு உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்து ஊதி, பீம் அடிப்பக்கம் பாளம் பாளமாக விழுந்தது. நாடகம் பழகும் பிள்ளைகளுக்கு இப்போது அந்த மேடையும் இல்லை. எங்கள் கடற்கரையில் ஒரு கலையரங்கம் வர வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. கட்டுரையாளர் அடுத்த பகுதியில் உப்புக்காற்றைப் பற்றியும் விரிவாக எழுத வேண்டும்.