பல்சரைக் காட்டி எம்டிபி டயர் வாங்கச் சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிப் பக்கம் நம் எம்டிபி (மலைப்பாதையில் ஓட்டும் மவுன்டன் பைக் சைக்கிள்) குரூப்போடு வந்த தம்பி ஒருவன் முன்சக்கரம் வழுக்கி விழுந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். குரூப்பில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், இல்லாதவர்களுக்கும் இந்நேரம் ஸ்கிரீன்ஷாட் போயிருக்கும். ஆனால் நேற்று இரவு வந்த அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "அவனுக்கு ஓட்டத் தெரியல, டயரைக் குறை சொல்லி என்ன பண்றது?" என்கிறார் நம்ம சீனியர் அண்ணன்.

சரி. ஓட்டத் தெரியாத பையனுக்குப் பின்னாடி 2.4 இன்ச் அகல டயர், முன்னாடி 2.2 போடச் சொன்னது யாருங்க அண்ணா?

"பல்சரைப் பாரு, பின்னாடிதானே பெருசு" என்று போட்டோவோடு விளக்கம் வேறு. பல்சர் என்எஸ்200-ல் டயர் அகலம் முன்னாடி 100 மில்லிமீட்டர், பின்னாடி 130 என்பது எனக்கும் தெரியும். அதில் இருப்பது இன்ஜின். பின்சக்கரத்துக்குப் போகும் அவ்வளவு விசையையும் ரோட்டில் இறக்க அகலமான ரப்பர் வேண்டும். நம் காலில் என்ன இருக்கிறது? நல்ல பயிற்சி உள்ள ஆள் ஒரு மணி நேரம் தொடர்ந்து மிதித்தால் 250 வாட் வரலாம். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அதாவது நாம் மூன்றில் ஒரு பங்கு குதிரைதான். இதற்குப் பின்னாடி அகல டயர் கட்டி இழுத்துக்கொண்டு ஏற வேண்டுமாம்.

விஷயம் ரொம்பச் சின்னது. பின்சக்கரம் வழுக்கினால் வண்டி வாலை ஆட்டும், உடம்பைச் சாய்த்துச் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடையாது, தோள்பட்டைதான் முதலில் தரையைத் தொடும். எஸ்டேட் பாதையில் மழை நின்ற மறுநாள், செம்மண்ணுக்கு மேல் உதிரிச் சரளை, இடது திருப்பம். முன்னாடி 2.2, அதிலும் ட்யூப் போட்டு 35 பிஎஸ்ஐ என்று இறுக்கமாகக் காற்று. அந்த டயர் எதைப் பிடிக்கும்? தம்பிக்குக் காலர் எலும்பு உடைந்துவிட்டது. நம்மாட்கள் ஓட்டத் தெரியவில்லை என்கிறார்கள்.

எங்கள் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். மவுன்டன் பைக் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார். பின் டயர்தான் எப்போதும் முதலில் தேயும், ஏனென்றால் ஆளின் எடையில் பெரும்பங்கு பின்னாடி, மிதிக்கிற விசையும் பின்னாடி. தேய்ந்தால் புது டயரைப் பின்னாடி மாட்ட மாட்டார். முன்னாடி இருப்பதைக் கழற்றிப் பின்னுக்குப் போட்டுவிட்டு, புதுசை முன்னாடி மாட்டுவார். ஏன் இந்த இரட்டை வேலை என்று கடைப்பையன் முணுமுணுத்தால், "பின்னாடி வழுக்குனா திட்டுவான், முன்னாடி வழுக்குனா ஆஸ்பத்திரிக்குப் போவான்" என்பார். அவர் யூட்யூப் பார்த்ததில்லை.

இதைச் சொன்னதற்குத்தான் குரூப்பில் எனக்கு 'டயர் வியாபாரி' என்று பட்டம். சிரிப்பு எமோஜி போட்டவர்களில் என் வீட்டில் உட்கார்ந்து டயருக்குள் பஞ்சரை அடைக்கும் சீலண்ட் திரவம் ஊற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. நல்லா இருங்க.

இப்போது கமெண்டில் வரப்போவது தெரியும். "மவுன்டன் பைக் உலகக் கோப்பையில் ரெண்டு பக்கமும் ஒரே அகலம்தானே போடுகிறார்கள்?" ஆமாம், 2.4 இரண்டு பக்கமும் போடுகிறவர்கள் நிறைய. போடட்டும். ஒரே அகலத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. பின்னாடி அகலம், முன்னாடி ஒல்லி என்பதோடுதான் சண்டை. அதைப் படிக்காமலே பதில் எழுதுவீர்கள், தெரியும். அகலம் ஒன்றாக இருந்தாலும் டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் பட்டனைப் பாருங்கள். ஷ்வால்பே கம்பெனி ரேசிங் ரே என்று முன்சக்கரத்துக்கும், ரேசிங் ரால்ஃப் என்று பின்சக்கரத்துக்கும் தனித்தனியாகச் செய்கிறது. முன்னாடி திருப்பத்தில் பிடிக்க, பின்னாடி வேகமாக உருள.

"பாரிஸ் ஒலிம்பிக்கில் பிட்காக்குக்கு முன் டயர்தானே போச்சு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 2024-ல் மவுன்டன் பைக் பந்தயத்தில் அந்த பிரிட்டன் வீரர் டாம் பிட்காக்குக்கு முன்சக்கரம் பஞ்சர் ஆனது, சக்கரத்தை மாற்றிக்கொண்டு போய்த் தங்கமும் வாங்கினார். பஞ்சருக்கும் பிடிமானத்துக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு மேல் பதில் கிடையாது.

பின்சக்கரம் கல்லில் அடித்து ரிம் நெளியும், அதனால் பின்னாடி அகலம் வேண்டும் என்பது மட்டும் கொஞ்சம் நியாயமான பேச்சு. கனமான ஆளாக இருந்தால் பின்னாடியும் 2.35, 2.4 என்று போகட்டும், முன்னாடியும் அதே அளவு இருந்தால் போதும். பின்னாடி முன்னாடியைவிட ரெண்டு மூணு பிஎஸ்ஐ கூட வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதோடு நம்மூர் ஹார்ட்டெயில் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள்) பலவற்றில் பின்னாடி 2.4 மாட்டினால் ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவே விரல்கூட நுழையாது. நீலகிரிச் சேறு அதில் அடைந்தால் சக்கரம் சுற்றாது. தம்பி வண்டியில் பெயின்ட் உரிந்திருந்ததைப் பார்த்தீர்களா? யாரும் பார்க்கவில்லை, செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு உண்மையில் எரிச்சல் டயர் மேல்கூட இல்லை. புதுசாக வருகிற பையன்கள் "அண்ணா, என்ன வாங்கலாம்?" என்று கேட்டவுடன், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒரு நம்பர் சொல்லிவிடுகிறோம். உன் எடை என்ன, ரிம் உள்ளகலம் எத்தனை மில்லிமீட்டர், ட்யூபா டியூப்லெஸ்ஸா, எந்தப் பாதை, எதுவும் கேட்பதில்லை. 19 மில்லிமீட்டர் ரிம்மில் 2.4 போட்டுக் காற்றைக் குறைத்தால் திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் நெளியும் என்று சொல்வதும் இல்லை. அவன் சம்பளக்காசில் வாங்கி வருகிறான், விழுகிறான், அப்புறம் அவனுக்கே ஓட்டத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர் போனீர்கள்? அங்கே எனக்கு எந்த சீனியரும் தட்டுப்படவில்லை.

என்னைக் குரூப்பிலிருந்து எடுப்பதாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இனி என்ன டயர் போடுவது என்று தம்பி கேட்டதற்கான பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புது டயர் எதுவும் வாங்க வேண்டாம். உன் ரிம் 25 மில்லிமீட்டர், அதே ரெண்டு டயரையும் முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டால் போதும். அரை மணி நேர வேலை. கை சரியாகும்வரை நீ செய்யாதே, கடையில் கொடு. பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறி சுற்றும் திசையைப் பார்த்து மாட்டச் சொல்.