கல்லடியில் குளிர்காலம்

(மட்டக்களப்பு, கல்லடி. ஆடி மாதம், மத்தியானம். படலையடியில் பூமணி அக்கா, கையில் சட்டி. வளவுக்குள் தங்கராசா, தோளில் ரெஜிபோம் ஐஸ் பெட்டி.)

பூமணி: தம்பி, எத்தனை கிலோ?

தங்கராசா: இப்பவே கிலோக் கணக்குக் கேட்டால் எப்படி அக்கா? குறைந்தது நாலைந்து வருசம் போகட்டும்.

பூமணி: நாலைந்து வருசமா? அதுவரைக்கும் நாறாதா?

தங்கராசா: ஏன் நாறப்போகுது? நான்தான் காலையும் பின்னேரமும் ஐஸ் போடுகிறேனே.

பூமணி: அதைத்தான் கேட்கிறேன். பெட்டி பெட்டியாக ஐஸ் இறக்குகிறாய், ஒரு செதிலாவது படலைக்கு வெளியே வந்ததா? பாரையா, சூரையா? ஒளிக்காமல் சொல். நான் ஓசியில் கேட்கவில்லை, காசு கொண்டுதான் வந்திருக்கிறேன்.

தங்கராசா: மீனா? எந்த மீன்?

பூமணி: பார், எந்த மீன் என்று என்னிடமே கேட்கிறான்.

தங்கராசா: அக்கா, ஐஸ் மீனுக்கில்லை. அந்தா, அதற்கு.

(கிணற்றடியில் நாலு கம்பு நட்டு, மேலே கிடுகு போட்ட சின்னப் பந்தல். அதற்குள் ஒரு கன்று. அடியில் ஐஸ் தூள் குவியல். மீன் வாடியிலிருந்து வந்ததால் அதிலும் மீன் மணம். கன்றின் கழுத்தில் கம்பியால் கட்டிய படம்: மஞ்சள் பழம், பின்னால் பனிமலை.)

பூமணி: மீனை இதற்குக் கீழே புதைத்திருக்கிறாயா? மரத்தடியில் மீன்தலை புதைப்பது நல்லதுதான். ஐஸோடு யாரும் புதைப்பதில்லை.

தங்கராசா: மீனை விடுங்கள் அக்கா! இது பியர்ஸ், பேரிக்காய். சுவிஸில் வீட்டுக்கு வீடு நிற்கிற மரம். லொறியில் வந்தது, மூவாயிரம் கொடுத்து எடுத்தேன்.

பூமணி: எந்த லொறி? ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருமே, அதுவா? போன முறை அவனிடம் அப்பிள் வாங்கிய வாத்தியார் வீட்டில் இப்ப என்ன நிற்கிறது தெரியுமா?

தங்கராசா: என்ன?

பூமணி: குச்சி. பழம் படத்தில் மட்டும் இன்னும் தொங்குகிறது.

(அந்த லொறியை நானும் கண்டிருக்கிறேன். முன்பக்கம் பிளாஸ்டிக் அப்பிள் கொத்தாக ஆடும். வித்த கன்று பிடித்ததா என்று பார்க்க அது திரும்பி வந்ததை எங்கள் தெருவில் ஒருவரும் கண்டதில்லை. வரும், ஆனால் அடுத்த கன்றை விற்க.)

தங்கராசா: வாத்தியாருக்குப் பராமரிப்புத் தெரியாது. பியர்ஸ் குளிர் கேட்கிற மரம். 7 பாகைக்குக் கீழே, சாதியைப் பொறுத்து 600, 800, 1,000 மணித்தியாலம் குளிர வேண்டும். அதை எண்ணி முடித்தால்தான் மொட்டுக் கண் திறக்கும். சுவிஸில் இருக்கிற மருமகன் சொன்னான்.

பூமணி: 7 பாகை என்றால் எப்படிக் குளிர்?

தங்கராசா: பிரிஜ்ஜுக்குள் இருக்கிற குளிர்.

பூமணி: அப்ப பிரிஜ்ஜுக்குள் ஒரு மாதமளவில் குந்தியிருக்க வேண்டும். நமக்கு மார்கழி தையிலே, மழையிலே ஊரே விறைத்துக் கிடக்கிற நாளிலும் இரவில் 23 பாகை அளவில்தான். மிச்சத்துக்கு எங்கே போவாய்?

தங்கராசா: அதற்குத்தானே ஐஸ்!

பூமணி: சரி. குளிர் எதற்கு வேண்டும்? வேருக்கா?

தங்கராசா: மொட்டுக்கு.

பூமணி: மொட்டு மேலே. ஐஸ் கீழே. குளிர்காலம் வந்துவிட்டது என்று நடுவில் யார் ஏறிப் போய்ச் சொல்வது?

தங்கராசா: கொப்பிலும் சின்னப் பைகளில் கட்டித் தொங்கவிடலாம் என்று மருமகன் சொன்னான்.

பூமணி: உன் மருமகன் அங்கே தோட்டமா செய்கிறான்?

தங்கராசா: இல்லை, சாப்பாட்டுக் கடையில் வேலை. ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு பியர்ஸ் மரம் நிற்கிறது. அவனுடைய ஜன்னலால் தெரியும்.

பூமணி: ஜன்னலால் தெரியுதா? அப்ப சரி.

தங்கராசா: பகிடி விடாதீர்கள். நுவரெலியாவில் காய்க்கவில்லையா? நம்மட நாடுதானே?

பூமணி: நம்மட நாடுதான். ஆனால் 1,800 மீற்றருக்கு மேலே. கல்லடி எவ்வளவு உயரம்? உன் படலையிலிருந்து கொஞ்சம் நடந்தால் கடல், கிறுகி நடந்தால் வாவி.

தங்கராசா: இந்தோனேசியாவும் நம்மைப் போலச் சூடுதான். யாவாத் தீவில் அப்பிள் காய்க்கிறது தெரியுமா? இலை தானாக விழாது, கையால் உருவிவிடுகிறார்கள். மரம் உறங்கப் போகாமலே திரும்பப் பூத்துவிடும். அதனால்தான் நானும் இலையை உருவினேன்.

பூமணி: நீதானா அது? இரவு டோர்ச் லைட்டோடு நின்று என்னவோ பிய்க்கிறாய் என்று மகள் பயந்துபோனாள். யாவாவில் எங்கே காய்க்கிறது? கடற்கரையிலா?

தங்கராசா: ...மலையில்.

பூமணி: ம்.

தங்கராசா: மலையென்றால், பெரிய மலை இல்லை.

பூமணி: மலைதானே. உருவினது போக மிச்சம் நாலு இலை நிற்குது, அதைக் காட்டு. பியர்ஸ் இலை எப்படியிருக்குமாம்?

தங்கராசா: (போனில் படத்தைப் பெரிதாக்கி) மினுமினுப்பாக, ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பல்.

பூமணி: இதில் பல்லைக் காணோம். மழமழ என்று இருக்குதே.

தங்கராசா: சின்னக் கன்றுதானே அக்கா. பல் இனித்தான் முளைக்கும்.

பூமணி: ஓம், ஓம். ஆறு மாதம் ஆகவில்லையோ என்னவோ. எத்தனை வருசத்தில் காய்க்குமாம்?

தங்கராசா: விதைக் கன்று என்றால் ஏழும் ஆகும், பத்தும் ஆகும். இது ஒட்டுக் கன்று, மூன்றிலிருந்து ஐந்து வருசம். இந்தா பாருங்கள், ஒட்டின இடத்தில் டேப் சுற்றியிருக்கிறான்.

(பூமணி அக்கா சட்டியைக் கீழே வைத்து, நகத்தால் டேப்பின் நுனியைக் கிளப்பி, மெதுவாகச் சுற்றிக் கழற்றுகிறார். பச்சை டேப். உள்ளே தண்டு மேலும் கீழும் ஒரே வழுவழுப்பு. வெட்டுமில்லை, முண்டுமில்லை, ஒரு கீறல்கூட இல்லை.)

பூமணி: ஒட்டு எங்கே?

தங்கராசா: நன்றாகப் பொருந்திவிட்டது போல.

பூமணி: தம்பி, தடியில் சும்மா டேப்பைச் சுற்றி உனக்கு வித்திருக்கிறான்.

தங்கராசா: டேப் நல்ல டேப்.

பூமணி: மூவாயிரத்துக்கு நல்லதாகத்தான் இருக்க வேண்டும். அப்ப மீன் இல்லை?

தங்கராசா: இல்லை என்று எத்தனை தரம் சொல்வது! எனக்கு இப்ப இந்த நுனியைப் பற்றித்தான் கவலை. கருகுது. மருமகனுக்குப் படம் அனுப்பினேன். தீக்கருகல் நோயாம். பக்டீரியா. கருகின இடத்திலிருந்து ஒரு அடி கீழே தள்ளி வெட்ட வேண்டுமாம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டுமாம்.

பூமணி: கன்று எவ்வளவு உயரம்?

தங்கராசா: ஒன்றரை அடி.

பூமணி: ஒரு அடி போனால்?

தங்கராசா: (யோசிக்கிறார்.)

பூமணி: அது கச்சான் தம்பி, தென்மேற்கேயிருந்து வருகிற சூட்டுக் காற்று. ஆடியில் கச்சான் அடித்தால் வேலிப் பூவரசே வாடுது. இங்கே பார், என் உதடும் வெடித்துக் கருகிக் கிடக்குது. ஒரு அடி கீழே வெட்டுவாயா?

தங்கராசா: மருமகனுக்குக் கச்சான் தெரியாதுதான்.

பூமணி: அவன் பிறந்தது இந்த ஊரில். ஜன்னலால் தெரியவில்லை போல.

தங்கராசா: அதையெல்லாம் சமாளிக்கலாம். பெரிய சிக்கல் வேறு. ஒற்றை மரம் போதாதாம். பக்கத்தில் இன்னொன்று நிற்க வேண்டும், அதுவும் வேறு சாதி. பியர்ஸில் முக்கால்வாசி அப்படித்தான், தன் சாதி மகரந்தம் தனக்கு விழுந்தால் காய் பிடிக்காது.

பூமணி: இதை முதலில் சொல்லியிருக்க வேண்டாமா? இது நம்மட மட்டக்களப்புக் குடி முறை. ஒரே குடிக்குள் கட்டக்கூடாது. மரத்துக்கும் தெரிந்திருக்குது. குடி தாய் வழியா, தகப்பன் வழியா?

தங்கராசா: அது மருமகனிடம் கேட்கவில்லை.

பூமணி: கேள். நம்மைப் போலத் தாய் வழியென்றால் பழம் மட்டக்களப்புப் பழந்தான். காய்த்த பிறகு மாப்பிள்ளைக் கன்றைக் கொண்டுபோய்ப் பெண் வீட்டில் நட வேண்டி வரும்.

தங்கராசா: காய்க்கட்டும், மறுகா பாருங்கள். மரத்தில் பழுக்க விடவும் கூடாதாம். விட்டால் நடுவிலிருந்து அழுகுமாம். கல்லுப் போலப் பறித்து, வீட்டுக்குள் வைத்துத்தான் பழுக்கப் போட வேண்டுமாம்.

பூமணி: ஐந்து வருசம் ஐஸ் போட்டு, இலை உருவி, கலியாணமும் செய்துவைத்து, கடைசியில் கல்லுக்காயாகப் பறிப்பதா? கடையில் அந்தக் காய் வெள்ளை வலைச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்குதே. இதற்குச் சட்டை யார் பின்னுவது?

தங்கராசா: வீட்டில் காய்த்தது என்று ஒரு சந்தோசம் இருக்கிறதே அக்கா.

பூமணி: வீட்டில் காய்த்ததா? 2022இல், தட்டுப்பாடு வந்த நேரம், அரசாங்கம் தன் கந்தோர்க்காரருக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை லீவு தந்தது, வீட்டில் பயிர் வை என்று. அப்ப நீ கந்தோரில்தானே இருந்தாய்? ஒரு மரவள்ளித் தடி ஊன்றினாயா?

தங்கராசா: அந்த நேரம் பெற்றோல் வரிசையில் நின்றேன்.

பூமணி: வரிசையில் நின்றது உன்னுடைய மோட்டார் சைக்கிள். நீ நித்திரை. அதுகூடப் போகட்டும். இந்தப் பந்தல் எதற்கு?

தங்கராசா: வெயிலில் ஐஸ் சட்டென்று கரைந்துவிடுது.

பூமணி: வெயில் எங்கேயிருந்து வந்தது? இந்த இடத்தில் வெயில் விழுந்து நான் கண்டதில்லையே.

தங்கராசா: பியர்ஸுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும். அதனால் மாமரத்தின் கிழக்குக் கொப்பைக் கொஞ்சம்...

பூமணி: கொஞ்சமா? வெயில் வேண்டுமென்று மாங்கொப்பைத் தறித்தாய். தறித்த பிறகு வெயில் கூடிப்போச்சு என்று கிடுகு கட்டினாய். அந்தக் கொப்பே நின்றிருந்தால் இதைவிட நல்ல நிழல்.

தங்கராசா: ...இரண்டும் வேறு வேறு காரணம் அக்கா.

பூமணி: 1978 கார்த்திகைச் சூறாவளியில் இந்த வளவில் ஒரு தென்னை மிஞ்சவில்லை, எங்கள் வீட்டுக் கூரை எங்கே போனது என்று இன்னும் தெரியாது. இந்த மாமரம் நின்றது. 2004இல் கடல் வந்து கிணறு முழுக்க உப்பு. மரம் இலை கொட்டி, காய்க்காமல் நின்று, மறுகா தளிர்த்தது. நீ அதற்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றி நான் காணவில்லை. காய்த்து விழுந்தால் குப்பை என்று கூட்டித் தள்ளுவாய். அதன் பிழை என்ன தெரியுமா? அதில் யாரும் படம் கட்டித் தொங்கவிடவில்லை.

தங்கராசா: என்னுடைய வளவில் ஒரு கொப்பு வெட்ட எனக்கு...

பூமணி: யாருடைய வளவு? இது உன் பெண்சாதியின் சீதனம். மரம் அவளுடைய தாய் வைத்தது. நீ கலியாணம் கட்டி இங்கே வந்த நாளில் அந்த மரத்துக்குக் கீழேதான் உனக்குப் பாய் போட்டு இருத்தினோம். தறிப்பதென்றால் பிந்தி வந்ததைத்தான் தறிக்க வேண்டும்.

(தங்கராசா ஐஸைக் கையால் மெதுவாகக் குவிக்கிறார். பெட்டிக்குள் பாதி தண்ணீர். சந்தியில் ஒலிபெருக்கி இரைகிறது: அப்பிள், பியர்ஸ், செர்ரி, எல்லாம் ஒட்டுக் கன்று, கியாரண்டி.)

தங்கராசா: அக்கா, லொறி!

பூமணி: ஓடு! ஓடிப்போய்ப் பிடி. டேப்பையும் கொண்டுபோ. காசைத் திரும்பக் கேள்.

தங்கராசா: காசா? இல்லை அக்கா, சோடிக் கன்று! என்னிடம் ஆயிரந்தான் கிடக்கிறது. நீங்கள் மீனுக்குக் கொண்டுவந்த காசு சும்மாதானே இருக்கு, இரண்டாயிரம் கைமாற்றாகத் தருவீர்களா?

பூமணி: அதை எங்கே நடப்போகிறாய்?

தங்கராசா: இதற்குப் பக்கத்தில்தான். மற்றப் பக்கத்து மாங்கொப்பையும் கொஞ்சம்...

பூமணி: காசு இருக்கட்டும். முதலில் அந்தக் கத்தியை இங்கே தா.