ட்றைவ் பழுதில்லை, பயோஸைப் பாருங்கள்
உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும்போது லப்டொப்பின் எஸ்எஸ்டி (உள்ளே இருக்கும் சேமிப்பு ட்றைவ்) தெரியாவிட்டால் அது பழுது, புதிது வாங்க வேண்டும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அதே ட்றைவிலிருந்து விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கிறதென்றால் அது பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. இன்டெல் லப்டொப்புகள் பலவற்றில் பயோஸ் (லப்டொப்பைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) அதை ஆர்எஸ்டி (RST) என்ற இன்டெலின் சொந்த சேமிப்பு முறையில் வைத்திருக்கும், அதனால்தான் தெரிவதில்லை. திருநெல்வேலியில் அக்காவின் மகனுடைய லப்டொப்பிலும் பட்டியலில் பென் ட்றைவ் மட்டும்தான் நின்றது. பயோஸில் அதை ஏஎச்சிஐ (AHCI) என்ற பொதுவான முறைக்கு மாற்றியதும் 512 ஜிபி முழுதாக வந்தது.

நீங்களே பார்க்கலாம். பென் ட்றைவிலிருந்து உபுண்டுவை நிறுவாமல் திறந்து, டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையை அடியுங்கள். 'றெயிட் பஸ் கன்ட்ரோலர்' (RAID bus controller) என்ற வரி வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேள்வி கேட்ட தம்பி, விண்டோஸும் வேண்டுமென்றால் கவனம்: முதலில் பிட்லொக்கரின் (ட்றைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புத் திறவுகோலை எழுதி வைத்து, விண்டோஸை சேஃப் மோடில் (அடிப்படை வசதிகளோடு மட்டும் திறக்கும் முறை) திறக்கும்படி அமைத்துவிட்டு, அப்புறம் பயோஸில் கை வையுங்கள்.