வேதியியல் பிடிக்குமா?

சுற்றுச்சூழல் அறிவியலில் இளநிலைப் பட்டம் படிக்கப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "இல்லக்கா, எனக்கு மரம், பறவை எல்லாம் ரொம்பப் பிடிக்கும், அதான்..." என்று இழுப்பார்கள். அந்தப் பிரியம் உண்மையானது. நானும் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன். ஆனால் அது மட்டும் இருந்தால் இந்தப் படிப்பு முதல் வருடத்திலேயே கசந்துவிடும். அதை எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

முதல் வருடத்தில் நடந்தது. ஒரு குளத்தில் காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன என்று கேள்விப்பட்டோம். நாங்கள் ஐந்து பேர் வகுப்பு முடிந்ததும், மதியம் இரண்டு மணிக்கு பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு போனோம். தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்தது. அதில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம்.

அதை அளக்க விங்க்லர் முறை என்று ஒன்று உண்டு. 1888ல் வந்தது, இன்றும் பல லேப்களில் செய்கிறார்கள். கண்ணாடி பாட்டிலைத் துளி காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். பிறகு மாங்கனீஸ் சல்பேட்டும், அயோடைடு கலந்த காரக் கரைசலும் விட்டு, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு புகைபோல எழுந்து மெல்ல அடியில் இறங்கும். ஆக்சிஜனே இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். அமிலம் விட்டால் வீழ்படிவு கரைந்து தண்ணீர் மஞ்சளாகும். அளவு குறித்த கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, மஞ்சள் வெளிறும். வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டார்ச் சேர்த்தால் கருநீலம். இன்னும் சில சொட்டு, அந்த நீலம் சட்டென்று மறையும். அந்த இடத்தில் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். செலவான தயோசல்பேட்டை வைத்துத்தான் ஆக்சிஜன் கணக்கு, ஒரு சொட்டு கூடினாலும் பிசகும்.

எங்கள் பாட்டிலில் அடர்ந்த பழுப்பு. லிட்டருக்கு 12 மில்லிகிராம் வந்தது. 25 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் காற்றிலிருந்து இயல்பாக ஏற்பது 8 சொச்சம்தான். இவ்வளவு ஆக்சிஜன் இருக்கும்போது மீன் எப்படி மூச்சுத் திணறிச் சாகும்? யாரோ விஷம் கலந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி எழுதிக்கொண்டு போனோம். படித்துப் பார்த்த ஆசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: "எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

மறுநாள் விடியுமுன் போனோம். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் நீரின் மேல்மட்டம் முழுக்க மீன்கள் வாயை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அதே குளம், அதே இடம், அதே பாட்டில். வீழ்படிவு வெள்ளையோடு சேர்த்தி என்று சொல்லும் அளவுக்கு வெளிறியிருந்தது. அளவு 1.1. பகலெல்லாம் வெயிலில் ஆக்சிஜனை வாரி வழங்கிய பாசிதான் இரவெல்லாம் மற்ற உயிர்களோடு சேர்ந்து அதை இழுத்துத் தீர்த்திருக்கிறது. பகல் இரண்டு மணிக்கு அந்தக் குளம் எங்களிடம் பொய் சொல்லவில்லை. நாங்கள் எங்கள் வசதிக்கு ஒரு நேரத்தில் போய்க் கேட்டுவிட்டு, இல்லாத ஒரு விஷக்காரனைத் தேடினோம்.

என் படிப்பில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் இதுதான். மனசுக்குக் கஷ்டமான விஷயம் இதுபோன்ற நாட்கள் எவ்வளவு குறைவாக இருந்தன என்பது. மற்ற செமஸ்டர்களில் பெரும்பாலும் சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதினோம். லேப்பில் ஒளியை வைத்துக் கரைசலை அளக்கும் நிறமாலைமானி ஒன்று உறைபோட்டு மூடியே கிடந்தது, கெட்டுப்போய்விடுமாம். உலக வெப்பமயமாதல் பற்றிப் பத்து மதிப்பெண் கட்டுரை எழுதத் தெரிந்த எங்களுக்கு, ஒரு தெர்மாமீட்டரை எங்கே எந்த உயரத்தில் எந்த நிழலில் வைக்க வேண்டும் என்று தெரியவில்லை. இது எனக்கு இன்னும் கோபம் தருகிறது. அளக்கக் கற்றுத்தராமல் இந்தப் பாடத்தை நடத்துவது, குளத்தில் இறக்காமல் நீச்சல் சொல்லித்தருவதுதான்.

இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாமே யாரோ ஒருவர் பொறுமையாக அளந்ததில் பிறந்தவை. அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு போல இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நடுவில் பணம் இல்லாமல் 1964ல் சில மாதம் அளவீடு நின்றே போனது. அந்த வளைகோட்டில் இன்றும் அந்த இடைவெளி இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். அண்டார்டிகாவின் ஹேலி நிலையத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து வருடா வருடம் ஓசோனை அளந்து குறித்து வைத்ததால்தான், 1985ல் அங்கே ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்திருப்பதை உலகத்துக்குச் சொல்ல முடிந்தது. இரண்டே வருடத்தில், ஓசோனை அழிக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது.

எனக்கு இவற்றிலெல்லாம் மேலாகப் பிடித்தது கனடாவின் 226ஆம் எண் ஏரி. ஏரி பச்சையாகிச் சீரழிய எது காரணம் என்று அப்போது பெரிய சண்டை. சலவைத்தூளில் உள்ள பாஸ்பேட்டா, வேறு ஏதாவதா? இடுப்புபோலக் குறுகிய நடுப்பகுதியில் ஒரு திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர். 1973ல் இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் விட்டார்கள், ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பாசி பொங்கிப் பச்சையானது. திரைக்கு இந்தப் பக்கம் தெளிவு. மேலேயிருந்து எடுத்த அந்தப் படத்தைக் கண்டபின் வாதாட என்ன இருக்கிறது? எங்கள் குளமும் அதே கதைதான், கழிவுநீரோடு வந்த பாஸ்பரஸ்.

ஆகவே சேருமுன் கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப், வருடத்துக்கு எத்தனை நாள் ஃபீல்டு, கடைசி வருட ப்ராஜெக்டில் மாணவர்கள் தாங்களே சாம்பிள் எடுக்கிறார்களா என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள். புள்ளியியல் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சாம்பிளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்று சொல்லத் தெரியாவிட்டால் அளந்ததெல்லாம் வீண். தரவுகளை இடவாரியாக வரைபடமாக்கும் ஜிஐஎஸ் வேலைக்கு க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, கல்லூரி சொல்லித்தரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இளநிலைப் பட்டத்தோடு வெளியே வந்தால் முதலில் கிடைப்பது சாம்பிள் எடுப்பது, லேப்பில் டெஸ்ட் செய்வது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தினசரி அளவு பார்ப்பது, ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குத் தரவு திரட்டுவது மாதிரியான வேலைகள். சம்பளம் பெரிதாக இருக்காது. நீர், மண், காற்று, காட்டுயிர், சட்டம் என எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவராக மட்டும் நின்றுவிட்டால் அங்கேயே தேங்கிவிடுவோம். ஏதாவது ஒன்றில் ஆழமாக இறங்க வேண்டும், இரண்டாம் வருடத்திலேயே. நான் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொன்று, ஃபீல்டு நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். ஈரம் பட்டால் மை கரைந்துவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் நேரத்தை எழுத மறக்காதீர்கள்.