முஹம்மத் அலி ஐந்தாண்டுகள் சிறையில் இருந்தாரா?

குத்துச்சண்டைச் சம்பியன் முஹம்மத் அலி வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து 5 ஆண்டுகள் சிறையில் வாடினார் என்றொரு செய்தி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. அவரைப் போற்றும் நோக்கில் எழுதப்பட்டதாயினும் அது சரியன்று.

1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில், படையில் சேர்வதற்கு அடையாளமாக ஓரடி முன்னே வருமாறு பெயர் சொல்லி அழைக்கப்பட்டபோது அலி அசையாமல் நின்றார். மறுத்தால் சிறை செல்ல நேரும் என்று எச்சரித்து மீண்டும் அழைத்தபோதும் அவர் நகரவில்லை. அவ்வாண்டு ஜூனில் அவருக்கு 5 ஆண்டுச் சிறையும் 10,000 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டது உண்மை. ஆனால் மேன்முறையீட்டுக் காலத்தில் பிணையில் இருந்த அவர், அத்தண்டனைக்காக ஒருநாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த 8 நீதியரசர்களும் ஒருமனதாக அத்தீர்ப்பை இரத்துச் செய்தனர்.

அவர் இழந்தவை உலகப் பட்டமும், 25 வயதில் தொடங்கி, போட்டியிட அனுமதியின்றிக் கழிந்த ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளும். ஒரு வீரனின் உடல் உச்சத்தில் இருக்கும் பருவம் அது. அந்தத் துணிவைப் போற்ற இல்லாத சிறைவாசம் எதற்கு?

‘கிளே எதிர் ஐக்கிய அமெரிக்கா’ (கிளே என்பது அலியின் முந்தைய பெயர்) என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை இணையத்தில் எவரும் இலவசமாக வாசிக்கலாம். தயவுசெய்து அச்செய்தியை மேலும் பகிராதீர்கள். உங்களுக்கு அனுப்பியவருக்கும் இத்திகதிகளைத் தெரிவியுங்கள்.